கசிந்தது அவள் கொடுத்த கிட்னி அல்ல

என் உடம்புக்குள் இன்று வேலை செய்வது என் மனைவியின் கிட்னி. இதைச் சொல்ல எனக்கு எந்த வெட்கமும் இல்லை. சிறுநீரகம் என்றுதான் எழுத வேண்டுமாம். டாக்டர் முதல் டீக்கடை வரை எல்லோரும் கிட்னி என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்? ஆனால் அந்த மூன்றாம் வகுப்புக்காரன் செய்ததைக் கேளுங்கள். கொடைக்கானலுக்கு மேலே, மேல்மலையில் எந்தப் பூண்டுக் காட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஊற்றிலிருந்து காட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கறுப்பு ஹோஸ் நான் போட்டதாக இருக்கும். இல்லையென்றால் நான் போட்டதைப் பார்த்து இன்னொருவன் போட்டதாக இருக்கும். மோட்டார் இல்லாமல், கரண்ட் இல்லாமல், மலைச்சரிவின் வாட்டத்தை மட்டும் நம்பித் தண்ணீரைக் கொண்டுவருவேன். இஞ்சினியர்கள் முடியாது என்று சொன்ன இடத்திலும் கொண்டுவந்திருக்கிறேன். மூட்டை தூக்கிப் பிழைத்தவன், சொந்தக் காடு, கொடைக்கானல் நாயுடுபுரத்தில் சொந்த வீடு என்று வந்தது இந்தத் தண்ணீரால்தான்.

அப்படிப்பட்ட என்னுடைய இரண்டு கிட்னியையும் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து தின்றுவிட்டன. டயாலிசிஸுக்காக மலையிறங்கி மலையேறியே பாதி ஆளாகிப் போனேன். மாற்றுக் கிட்னிதான் வழி, கூடப் பிறந்தவர்களைப் பரிசோதனைக்குக் கூட்டி வாருங்கள் என்றார் மதுரையில் என்னைப் பார்த்த டாக்டரம்மா. கூட்டி வருவதாம்! என் அக்கா, "எனக்கு வயசாயிருச்சு தம்பி, எம்புள்ளைக விடமாட்டாக" என்றாள். ஒரு தம்பிக்கு அன்றைக்கே இடுப்பு வலி வந்தது. இன்னொருவன் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டான். அவர்கள் இரண்டு பேர் காட்டிலும் இன்றைக்குப் பூண்டு விளைகிறது என்றால் அது நான் கொண்டுவந்து விட்ட தண்ணீரில். எங்கள் ஒரே மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அவளிடம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள் என் மனைவி.

"எனக்குத்தான் ரெண்டு இருக்குல்ல, ஒண்ணை எடுத்துக்கிறச் சொல்லுங்க" என்றாள். ஏதோ அடுத்த வீட்டுக்கு உரல் கொடுப்பது போலச் சொன்னாள்.

பரிசோதனையில் பொருத்தம் வந்தது. பிறகு கிட்னி கொடுக்க அனுமதி தருகிற அதிகாரிகள் உட்கார்ந்து அவளைத் தனியாக விசாரித்தார்கள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா அம்மா என்று கேட்டார்களாம். "இவரு கட்டாயப்படுத்தி நான் ஒரு காப்பிகூடப் போட்டதில்லைங்க" என்றாளாம். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

என் மனைவி ஆயக்குடிக்காரி. கொய்யாத் தோப்புகளுக்கு நடுவே, பழனி அடிவாரத்து வெயிலில் வளர்ந்தவள். மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பேரன் பார்த்த பிறகும் என் அக்காவுக்கு அவள் இன்னும் 'கீழ்நாட்டுக்காரி'தான். பூண்டை அவள் பின்னிக் கட்டினாலும் குற்றம், கட்டாமல் வைத்தாலும் குற்றம். இதையெல்லாம் நான் அந்தக் காலத்தில் பெண்கள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன். கிட்னி விஷயத்தில் விட முடியாது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. வைத்த உடனேயே கிட்னி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று டாக்டரம்மாவே சொன்னார். என் அடிவயிற்றில் வலது பக்கம் வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் சேருகிற நீர் வெளியே வரட்டும் என்று ஒரு மெல்லிய குழாய் போட்டு, அதன் முனையில் ஒரு பை மாட்டியிருந்தார்கள். ட்ரெயின் என்பார்கள், வடிகால் குழாய் என்று அர்த்தம். கூட இருந்த மற்றவர்களுக்கெல்லாம் அந்தக் குழாயைச் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் எடுக்கவில்லை. பை நிறைந்துகொண்டே இருந்தது. ரத்தமும் இல்லை, சீழும் இல்லை. கஞ்சியை வடித்துத் தெளியவிட்டது போல வெளிறிய மஞ்சளாய் ஒரு தண்ணீர்.

இது என்ன தண்ணீர் என்று கேட்டேன். "போகப் போகக் கொறைஞ்சிரும் ஐயா" என்றார்கள். காலையில் வந்தவரும் அதையே சொன்னார், மாலையில் வந்தவரும் அதையே சொன்னார். எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்காதது இந்த இடத்தில்தான். தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே பிழைத்தவன் நான். எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று தமிழில் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்காதா? எழுதிக் கொடுத்ததும் இங்கிலீஷ். படிக்காதவனுக்கு எதற்கு விளக்கம் என்று நினைத்தார்களோ என்னவோ. அந்த நாலு வார்த்தை இல்லாமல் போனதால்தான் பின்னால் வந்த வினை எல்லாம்.

குழாயோடும் பையோடும் வீட்டுக்கு அனுப்பினார்கள். குழாயை மூடக் கூடாது, பையைத் தினமும் காலி செய்ய வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே மதுரையில் தங்க வேண்டும் என்றார்கள். தங்கிப் பார்த்தேன். அந்த வெக்கையில் மலைக்காரன் எத்தனை நாள் கிடப்பான்? மறு பரிசோதனைக்குச் சொன்ன நாளில் வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு நாயுடுபுரம் வீட்டுக்கு ஏறிவிட்டோம்.

அங்கேதான் என் அக்கா வந்தாள். ஒரு ஜீப் நிறைய ஆட்களோடு வந்தாள். நோய் தொற்றிவிடும், கூட்டம் கூடாது என்று சொல்லியும் வந்தாள். முகமூடி போடச் சொன்னதற்கு, "நான் என்ன ஊரான் வீட்டுப் பிள்ளையவா பாக்க வந்திருக்கேன்?" என்றாள். வந்த அத்தனை பேரும் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பக்கத்து அறையில் இடுப்போரம் தையலோடு ஒருத்தி படுத்திருந்தாளே, அவளை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆபரேஷன் எனக்கு மட்டும்தான் நடந்ததா? கொடுத்தவளுக்குத்தான் வலி அதிகம் என்று டாக்டரம்மாவே சொன்னார்.

அக்கா என் போர்வையை விலக்கிப் பையைப் பார்த்தாள்.

"என்ன தம்பி இது, இன்னமும் ஒழுகிக்கிட்டே கெடக்கு?"

"போகப் போகக் கொறையும்னு சொல்லியிருக்காக."

"எங்கிட்டுக் கொறையும்? எடுத்து வச்ச கிட்னி ஒட்டலேல்ல! ஒட்டியிருந்தா ஏன் ஒழுகுது?"

கூட வந்திருந்த சித்தப்பா தலையை ஆட்டினார். "பொம்பளைக் கிட்னி ஆம்பளை உடம்புக்குத் தாங்குமான்னு நான் அன்னைக்கே கேட்டேன்" என்றார். கேட்கவே இல்லை, பொய்.

"பொம்பளைக் கிட்னின்னாக்கூடச் சரிங்கேன்" என்றாள் அக்கா, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி. "நம்ம ரத்தமா இருந்தா கப்புனு பிடிச்சிருக்கும். கீழ்நாட்டுச் செடியக் கொண்டாந்து மலையில நட்டா அழுகத்தானே செய்யும்?"

நம்ம ரத்தமாம்! கேட்டபோது அந்த ரத்தம் எங்கே போயிருந்தது? நான் எழுந்து கத்தியிருப்பேன். தையல் விடவில்லை. "ஏலே, யாருகிட்ட என்ன பேசுறீக, கிளம்புங்க எல்லாரும்" என்று படுத்தபடியே சொன்னேன். அவர்கள் அதைக் கோபமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நோயாளி கத்துகிறான் என்று டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

ஜீப் போன பிறகு என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். அழுதிருந்தாலாவது தாங்கியிருப்பேன். பையைப் பார்த்துவிட்டு, "நெசமாவே ஒட்டலையோங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அறுத்துக் கொடுத்தது வீணாய்ப் போனதோ என்ற பயம் அந்த முகத்தில் இருந்தது. என்னவென்று சொல்வேன்? எனக்கே தெரியாதே!

அதற்குள் மேல்மலை முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. 'பெண்டாட்டி கிட்னி ஒழுகுதாமே' என்று போன் செய்து கேட்டார்கள். கேரட் வியாபாரி கேட்டான், சாமி கும்பிடுகிற பூசாரி கேட்டார். அடுத்த வாரம் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அக்காவும் சொல்லி அனுப்பினாள்.

வரட்டும் என்று நினைத்தேன். வந்து காய்ந்த பையைப் பார்க்கட்டும்.

எங்கள் ஹோஸ் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கீழே இணைப்பில் வேலை செய்ய வேண்டுமென்றால், மேலே ஹோஸை மடக்கி, பழைய சைக்கிள் ட்யூப் பட்டையால் இறுக்கிக் கட்டிவிடுவோம். சொட்டுத் தண்ணீர் வராது. என் கை ஆயிரம் தடவை செய்த வேலை. அவர்கள் வருகிற அன்று காலை பையைக் காலி செய்துவிட்டு, அந்தக் குழாயை வயிற்றுக்குப் பக்கத்திலேயே மடக்கி, மருந்துப் பொட்டலத்தில் வந்த ரப்பர் வளையத்தை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். மூடக் கூடாது என்று சொன்னார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். மூடினால் என்ன ஆகும் என்று சொன்னார்களா? சொல்லவில்லை. அதுவுமில்லாமல், கொஞ்ச நேரத்துக்குத்தானே என்றுதான் கட்டினேன்.

அக்கா வந்தாள். வந்ததும் பையைத்தான் பார்த்தாள்.

"வத்திருச்சா?"

"வத்திருச்சு."

"அட!" என்றாள். ஏமாந்து போன குரல். கூட வந்தவர்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. வெரசாகவே கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் போனதும் அவிழ்த்திருக்க வேண்டும். அவிழ்க்கத்தான் கையைக் கொண்டுபோனேன். அப்போது என் மனைவி வந்து பையைத் தூக்கிப் பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "ஒட்டிக்கிச்சுங்க" என்றாள். உடனே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள். பழனி முருகனுக்கு வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்றாள். வலியை மறந்து அடுப்படிக்குப் போய் எனக்கு இட்லி ஊற்றினாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த மனுசன் அவிழ்ப்பான்? நாளைக்கு அவிழ்க்கலாம் என்று விட்டேன். மறுநாளும் அப்படியே போனது. அதற்குள் உள்ளேயே வற்றிவிடும் என்றும் ஒரு நினைப்பு இருந்தது.

வற்றவில்லை. குழாய் நுழைகிற இடத்தில் துணி நனையத் தொடங்கியது. அடிவயிறு கல்லைக் கட்டியது போலக் கனத்தது. பிறகு வலது தொடை வீங்கியது, கணுக்கால் வரை இறங்கியது. ஒன்றுக்குப் போவதும் குறைந்துவிட்டது. காலைப் பிடித்துவிட உட்கார்ந்த என் மனைவி போர்வையை விலக்கினாள். ரப்பர் வளையத்தைப் பார்த்துவிட்டாள்.

வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

"என்னது இது? இதென்ன பூண்டுக் காட்டு ஓசா, மடக்கிக் கட்டுறதுக்கு?"

"அக்கா வந்தா பேசுவான்னுதான்..."

"உங்க அக்கா பேசுனா வாய் அவளோடது. கிட்னி என்னோடது! எங்கிட்ட வாங்குனதை இப்படியா வச்சிருப்பீக? காய்ஞ்சிருச்சுன்னு ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னேனே, பாவி மனுசா!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படித் திட்டியதில்லை. திட்டிக்கொண்டே ரப்பரைக் கழற்றினாள். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. குழாய் உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது.

வாடகைக் கார் பிடித்து மலையிறங்கினோம். அன்றைக்குப் பார்த்து விடுமுறை நாள், டூரிஸ்ட் கூட்டம். பெருமாள்மலையில் வண்டிகள் அசையவில்லை. ஒரு வேன்காரன் நடுரோட்டில் நிறுத்திவிட்டுச் சாக்லேட் வாங்கப் போயிருக்கிறான். மூடுபனிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். என்னால் குரல் எழுப்ப முடியவில்லை. என் மனைவி தையலோடு இறங்கிப் போய், "உள்ள ஒரு உசிரு கெடக்குய்யா, வண்டிய எடு!" என்று அந்த வேனின் மேல் கையால் தட்டித் தட்டி வழி வாங்கினாள். கீழ்நாட்டுச் செடியாம்! என் அக்கா வீட்டு ஆண்பிள்ளைகள் யாராவது அப்படி இறங்கியிருப்பார்களா?

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையைப் பார்த்தபடியே, "கிட்னிக்குப் பக்கத்துல குளம் கட்டி நிக்குது ஐயா" என்றார். தேங்கின நீர், கிட்னியிலிருந்து மூத்திரம் இறங்குகிற குழாயை நெருக்குகிறதாம். காலுக்குப் போகிற ரத்தக்குழாயையும் நெருக்குகிறதாம். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. கிட்னிக்காரர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், அது ஏறினால் கிட்னி இறங்குகிறது என்று அர்த்தம். இப்படியே இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கிட்னி போயிருக்கும் என்றார். குழாயைக் கட்டிய விஷயத்தை என் மனைவியே சொல்லிவிட்டாள். டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

ஊசியால் கொஞ்சம் நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அங்கேதான் என் மனைவி கேட்டாள்: "அந்தத் தண்ணி கிட்னியில இருந்துதான் ஒழுகுதுங்களா டாக்டர்? நான் குடுத்தது சரியில்லையா?"

"அதைத்தாம்மா பாக்கப் போறோம்" என்றார் அவர். "இது மூத்திரமா இருந்தா இதுல கிரியாட்டினின் ரொம்ப அதிகமா இருக்கும். அப்ப கிட்னியோட இணைப்புல ஓட்டைன்னு அர்த்தம். ரத்தத்துல இருக்குற அளவுதான் இதுலயும் இருந்தா, இது கிட்னித் தண்ணியே இல்லை."

அந்தப் பதில் வருகிற வரை அவள் வராண்டா பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்த எனக்கு அவள் தெரிந்தாள். ஒருத்தி கிட்னியையும் கொடுத்துவிட்டு, கொடுத்தது நல்ல கிட்னிதானா என்று தீர்ப்புக்குக் காத்திருக்கிறாள். இதற்கு யார் காரணம்? என் ரத்தச் சொந்தங்கள்தான் காரணம்.

பதில் வந்தது. மூத்திரம் இல்லை.

"இது நிணநீர் அம்மா" என்றார் டாக்டரம்மா, இருவருக்கும் கேட்கும்படி. "உடம்பு பூரா மயிரிழை மாதிரிக் குழாய்ல ஓடுற தண்ணி. புதுக் கிட்னிக்கு எடம் பண்ணி, பெரிய ரத்தக்குழாயோட சேர்க்கும்போது, அது மேல இருக்குற அந்தச் சின்னக் குழாய்ங்க அறுபடும். கட்டிவிட்டாலும் ஒண்ணு ரெண்டு கசியும். இது அவரோட உடம்புத் தண்ணி. நீங்க குடுத்த கிட்னி தங்கமா இருக்கு."

எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. மலையை வெட்டி ரோடு போட்டால், வெட்டின முகத்திலிருந்து நாள்கணக்கில் தண்ணீர் ஊறும். அது மலையின் தண்ணீர். அந்த ரோட்டில் வந்த வண்டியையா குற்றம் சொல்வார்கள்? இதைச் சொன்னேன்.

"அதேதான் ஐயா. அதை வழிய விட்டா வழிஞ்சு, தானா அடங்கும். நீங்க போய் அதை மூடி வச்சுட்டீங்க" என்றார்.

"இதை மொத நாளே சொல்லியிருந்தா மூடியிருக்க மாட்டேன்ல!" என்றேன். அவர், "சொல்லியிருக்கணும்" என்றார். பெரிய மனுசி.

ஸ்கேனைப் பார்த்தபடியே புதுக் குழாய் போட்டார்கள். நீர் வடிய வடியக் கால் வீக்கம் வாடியது, கிரியாட்டினின் இறங்கியது. ஆனால் கசிவு நிற்கவில்லை. நெய்யும் எண்ணெயும் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தோம். குழாய் வழியாக மருந்து விட்டுப் பார்த்தார்கள். குறையும், மறுபடி ஊறும். கடைசியில் சின்னத் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன் ஒன்றுக்கு முடிவு செய்தார்கள். தேங்குகிற இடத்துக்கும் வயிற்றுக்குழிக்கும் நடுவே இருக்கிற சவ்வில் ஒரு ஜன்னல் வெட்டிவிடுவது. தண்ணீர் வயிற்றுக்குள் இறங்கும், வயிறு அதை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே குழாய் வேண்டாம், பை வேண்டாம். வடிகால் வெட்டுவதுதானே! என்னைக் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் எல்லோருக்கும் இது தேவைப்படாதாம், பலருக்குத் தானாகவே வற்றிவிடுமாம். எனக்கு அது நடந்து, அடுத்தடுத்த ஸ்கேனில் குளம் காணாமல் போனது. இன்றைக்கு என் கிட்னி, அதாவது அவள் கிட்னி, ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

ஊருக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கசிந்தது கிட்னி இல்லை, என் உடம்புத் தண்ணீர் என்றேன்.

"அப்படியா? நல்லதாப் போச்சு. சோலி முடிஞ்சிருச்சுல்ல, விடு" என்றாள்.

"அதெப்படி விடுறது?" என்று என் மனைவி போனைப் பிடுங்கினாள். "மதினி, ஒழுகுனது உங்க வீட்டு உடம்பு. அது ஒழுகி ஒழுகி எங்க ஆயக்குடிக் கிட்னியத்தான் நெருக்கிருச்சு. அது தாக்குப்பிடிச்சு நின்னுச்சு. வெளங்குதா?"

 "பேத்திக்குக் காது குத்துறோம், ரெண்டு பேரும் வெள்ளனே வந்து சேருங்க" என்றாள் அக்கா. அவ்வளவுதான். தப்பாகப் பேசிவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

"கூட்டத்துக்கு நடுவுல சொன்னீக. அதே ஆளுக முன்னாடி, தப்புன்னு சொல்லுங்க. அப்ப வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள் என் மனைவி.

காதுகுத்துக்கு நாங்கள் போகவில்லை. தாய்மாமன் முறைக்காரர்கள் வந்து எங்களைச் சமாதானம் செய்தார்கள். பொம்பளைகள் பேச்சைப் பெரிசு பண்ணாதே, நோயாளி நீ, மனசை அமைதியாக வைத்துக்கொள் என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். என் மனசு அமைதியாகத்தான் இருக்கிறது. என் மனைவி பக்கம் நிற்கிறேன், அதனால் அமைதியாக இருக்கிறது. என் அக்கா இன்றுவரை தப்பென்று சொல்லவில்லை. மேல்மலையில் பாதிப் பேர் இன்னும் பெண்டாட்டி கிட்னி ஒழுகியது என்றுதான் நம்புகிறார்கள். அக்கா சொல்ல மாட்டாள் என்று தெரிந்த பிறகுதான் நானே எழுத உட்கார்ந்தேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அவள் வீட்டில் காலேஜ் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆட்கள் இருக்கிற நேரமாகப் பார்த்து, சத்தமாக வாசித்துக் காட்டட்டும்.